அப்பா முனகிய மெட்டு

அப்பா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

மெட்டு மேலே ஏறும், கொஞ்சம் தயங்கும், இறங்கி வரும்போது பாதியில் நின்றுவிடும். அரை நிமிடம் இருந்தால் அதிகம். பிறகு முதலிலிருந்து.

பக்கவாதம் வந்த இந்த இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வருவது இது ஒன்றுதான். என் பெயர்கூட வரவில்லை.

பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண்தான் எனக்கு ஆசை காட்டினாள். என்ன பாட்டு என்று தெரிந்தால் கூடச் சேர்ந்து பாடலாம், மெட்டைப் பிடித்துக்கொண்டு வார்த்தை வந்தாலும் வரலாம் என்றாள். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அப்பா முனகுவதைப் பதிவு செய்து, பாட்டுக் கண்டுபிடிக்கிற குழு ஒன்றில் போட்டேன்.

முன்பின் தெரியாத நாற்பது பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பழைய சினிமாப் பாட்டு என்று ஒருவர் சத்தியம் செய்தார். ஒருவர் ராகத்தின் பெயரைச் சொல்ல, உனக்கு ராகமே தெரியாது என்று இன்னொருவர் பாய, இரண்டு நாள் அப்பாவை மறந்துவிட்டு அவர்களுக்குள் சண்டை. தாலாட்டு என்றார்கள், பள்ளிக்கூடப் பிரார்த்தனை என்றார்கள், சோப்பு விளம்பரம் என்றார்கள். ஒவ்வொன்றையும் தேடியெடுத்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தன் மெட்டுக்கே திரும்பிவிடுவார்.

எனக்கு அலுத்துவிட்டது. லீவும் தீர்ந்துகொண்டிருந்தது. பல் செட் செய்கிற லேபில் வேலை. கை முழுக்கப் பிளாஸ்டர் மாவு. போனைச் சைலண்ட்டில் போட்டு அலமாரியில் வைத்தால் சாயங்காலம்தான் எடுப்பேன்.

இன்று மத்தியானம் அப்பாவுக்கு ஊட்டிவிட்டுக் கை கழுவும்போது ஒரு பதில் வந்தது. போன் கம்பெனி ஒன்றில் பத்து வருடம் கஸ்டமர் கேரில் இருந்த ஓர் அக்கா எழுதியிருந்தார்.

"இது பாட்டே இல்லைம்மா, காலர் டியூன். கம்பெனியே தானா வச்சு விட்டுடும். நம்பருக்குச் சொந்தக்காரங்களுக்குத் தெரியவே தெரியாது, கூப்பிடறவங்களுக்குத்தான் கேக்கும். யாரும் எடுக்கலைன்னா அப்பா நிறுத்தற இடத்துலதான் கட் ஆகும்."

அப்படியானால் இதில் வார்த்தையே கிடையாது. அப்பாவோடு சேர்ந்து பாட ஒன்றும் இல்லை.

யாருடைய நம்பர் என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

இழுப்பறையில் கிடந்த அப்பாவின் போனைச் சார்ஜில் போட்டு, அதிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டேன். சாதாரண மணிதான் அடித்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அப்பாவோடு சீட்டாடுகிறவரைக் கூப்பிட்டேன். எல்லாம் வெறும் மணி. எடுத்தவர்களிடம் கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

கடைசியாக என் நம்பரை அழுத்தினேன்.

அச்சு அசலாக அதே மெட்டு. மேலே ஏறி, தயங்கி, இறங்கி, பாதியில் கட்.

தம்பியும் நானும் மெசேஜிலேயே சண்டை போட்டு மெசேஜிலேயே சமாதானம் ஆகிறவர்கள். என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள் அப்பா. சாயங்காலம் வரிசையாக நிற்கும் மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று எத்தனை தடவை விட்டிருப்பேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

கட்டிலில் முனகல் நின்றிருந்தது. அப்பா என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி என் நம்பரை அழுத்தி அவரிடம் கொடுத்தேன். நல்ல கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். எதிரே நிற்கிற என்னை அவர் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, பழகிப்போன பொறுமையோடு, யாராவது எடுக்கட்டும் என்று காத்திருந்தார்.

என் போனோடு அடுத்த அறைக்குப் போய் எடுத்தேன்.

"சொல்லுங்கப்பா."

வெறும் மூச்சுதான் வந்தது. அப்புறம் தொண்டையைச் செருமினார்.

வைக்காமல் காத்திருந்தேன்.