பதில் தட்டும் சுவர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், தன் வீட்டு அடுப்படிச் சுவரில் எந்த டைல்ஸ் கழன்றிருக்கிறது என்று பார்க்க, வாலஸ் விரலால் மூன்று முறை தட்டினான். சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

"எலியா இருக்கும். பயந்தாங்கொள்ளி!" என்றாள் மனைவி பெரில்.

"எலி எண்ணித் தட்டுமாடி?"

வாலஸ் ஐந்து முறை தட்டினான். ஐந்து வந்தது.

பெரில் அவனை முந்திக்கொண்டு வெளியே ஓடினாள். "இனி இந்த வீட்டுல இருக்கமாட்டேன்!"

மதியம்வரை இருவரும் உள்ளே போகவில்லை. அப்போது பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் வெளிறிப்போய் வந்தான். "வாலஸ், என் அடுப்படி டைல்ஸைத் தட்டினா, சுவரு பதிலுக்குத் தட்டுதுடா! மூணுக்கு மூணு, அஞ்சுக்கு அஞ்சு!"

"அட மடையா, அது நான்!" வாலசுக்கு உயிர் வந்தது. மூவரும் சிரித்தபடி உள்ளே போனார்கள்.

இரண்டு வீட்டுக்கும் இடையே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் செம்மண் காடு.