இடச்சுற்று

கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. பழைய புல்லட் பைக் ஓரத்தில் நிற்கிறது. அதிலிருந்து கழற்றிய, விளக்குக்குக் கரண்டு தரும் ஆல்டர்னேட்டரின் பல் வைத்த இரும்பு வளையத்தை ராஜபாண்டி முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கைக்குப் பிடிமானம் இல்லை. அதனால் வளையத்தின் பற்களில் செம்புக் கம்பியைச் சுற்றுவது மனைவி மாரீஸ்வரிதான். விடிந்ததிலிருந்து பந்தலில் கொடி கட்டிய அவள் விரல்களில் பச்சைக் கறை காயவில்லை. அந்தக் கறைக்கு நடுவே புதுக்கம்பி மினுங்கி ஓடுகிறது. ராஜபாண்டி உதட்டுக்குள் சுற்றுகளை எண்ணுகிறார். ஒரு பல்லில் வலமாகச் சுற்றினால் அடுத்த பல்லில் இடமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் விளக்குக்குக் கரண்டு போதாது. கொடி கட்டிப் பழகிய கையோ வலமாகத்தான் போகும். இடமாகச் சுற்ற வேண்டிய கடைசிப் பல்லில் அது வலமாகவே போய்விட்டதை, அவள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிரும்போதுதான் கவனிக்கிறார். "இனி வெளக்கு எரியும்ல?" என்று அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சிரிக்கிறாள். அவர் கடைசிப் பல்லைத் தொட்டுக் காட்டுகிறார். "எண்ணிக்கைய விட்டுப்புட்டேன் மாரி. எம்மேலதான் தப்பு. இத மட்டும் பிரிச்சுச் சுத்திருவமா?" அவள் வளையத்தைப் பார்க்கிறாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்கிறாள். முடிச்சை அவிழ்த்து, கம்பியைப் பிரித்து நீவிவிட்டு, அவர் சொல்லாமலே இடமாகச் சுற்றத் தொடங்குகிறாள். "ம், எண்ணுங்க" என்கிறாள்.