வராததற்குக் காரணம்

“அக்கா, மணி அஞ்சரை ஆச்சு. ஆறு மணிக்கு வகுப்பு. கிளம்பட்டுமா?”

அவிழ்ந்த முடியைக் கொண்டையாகச் சுற்றிக்கொண்டே கேட்டாள் சுருட்டை. அந்த ஹோட்டல் லாண்டரியில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவதே அப்படித்தான்.

“கிளம்பறதா? ஏழாவது மாடி படுக்கை விரிப்பெல்லாம் இப்பத்தான் வந்து இறங்கியிருக்கு. யாரு எண்ணி வைப்பா? உங்க வாத்தியார் வந்து எண்ணுவாரா?” என்றாள் சூப்பர்வைசர்.

சுருட்டை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பையைக் கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டு, விரிப்புக் குவியலுக்கு நடந்தாள்.

சூப்பர்வைசருக்கு அங்கே பதினெட்டு வருடம். ஆவியிலும் சோப்பு நுரையிலும் நின்று நின்று கால் வீங்கி, ஒரு நாற்காலி கிடைக்கவே பன்னிரண்டு வருடம் ஆனது. இப்போது பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறது. அதற்குத் தனி லாண்டரி, தனி இன்சார்ஜ், கண்ணாடி போட்ட தனி அறை. ஆனால், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள்தான் அந்த வேலைக்கு என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். சூப்பர்வைசர் படித்தது ஒன்பதாவது வரை.

சுருட்டையும் ஒன்பதாவதுதான். அந்த வரைக்கும் இருவருக்கும் எந்தத் தகராறும் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் அவள் போய்ப் பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் சேர்ந்ததுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, மேனேஜர் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, “இந்த வயசுல படிக்கறாங்க, பாருங்க!” என்று கைதட்டியது. பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் தனக்காக ஒரு தடவைகூடக் கைதட்டியதில்லையே என்று சூப்பர்வைசருக்கு வயிறு பற்றி எரிந்தது.

“நீங்களும் சேர்ந்துடலாமே?” என்றார் மெஷின்காரர், ஒன்றும் தெரியாதவர் போல.

“நீங்க மெஷினைப் பாருங்க!”

அன்றிலிருந்து தினமும் சரியாக ஐந்தரை மணிக்கு ஒரு புது வேலை முளைத்தது. ஒரு நாள் எண்ணிக்கை. ஒரு நாள் மெஷின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது. இன்னொரு நாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு இஸ்திரி போடும் உருளையில் துணி விடக் கற்றுக்கொடுப்பது.

ஒரு வாரம் கழித்து சுருட்டை ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள்.

“ஏன் வகுப்புக்கு வரலைன்னு சார் கேக்கறாருக்கா. என்ன வேலை, எத்தனை மணி நேரம்னு எழுதி, தினம் ஒரு சீட்டுல கையெழுத்து போட்டுத் தரணுமாம்.”

சூப்பர்வைசருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வராத நாட்கள் ஏறிக்கொண்டே போனால் பெயரை அடித்துவிடுவார்கள். கண்ணாடி அறைக்கு வெளியாள் எவனாவது வந்துவிட்டுப் போகட்டும், இவள் மட்டும் வரக் கூடாது.

ஆனால் சூப்பர்வைசர் விவரமானவள். வெட்டி வேலை கொடுத்துப் பிடித்து வைத்தாள் என்று நாளைக்கு யாரும் மேனேஜர் காதில் போட்டுவிடக் கூடாது. அதனால் விலாவாரியாக எழுதினாள். ‘எழுநூறு உருப்படிகளைத் தரம் பிரித்து, இருப்பைச் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை. மூன்று மணி நேரம்.’ மறுநாள், ‘புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தார். இதற்கு இவரை விட்டால் வேறு ஆள் இல்லை.’ எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். கையெழுத்தை மட்டும் அழுத்திப் போட்டாள்.

ஒரு மாலை சோப்புப் பெட்டிகளுக்கு நடுவே, மடியில் கணக்குப் புத்தகத்தோடு சுருட்டை தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு நாளாவது விட்டுவிடலாமா என்று நினைத்தாள் சூப்பர்வைசர். அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தது. “ஏய், எழுந்திரு! வடிகட்டியை யாரு கழுவுவா?” என்றாள்.

இரண்டாவது மாதத்தில் சுருட்டை கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். “இன்னிக்கு என்னக்கா வேலை?” என்று அவளாகவே வந்து கேட்க ஆரம்பித்தாள். ஆசை விட்டுப்போச்சு என்று சூப்பர்வைசர் நிம்மதியானாள்.

ஐந்து மாதம் போனது. ரிசல்ட் வரும் நாளில், சொல்ல வேண்டிய ஆறுதலைக்கூட அவள் தயாராக வைத்திருந்தாள். ‘விடுடி, படிப்பு எங்கே ஓடிடப் போகுது?’

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள் சுருட்டை. கையில் முத்திரை குத்திய சான்றிதழ்.

“பாஸாயிட்டேன்க்கா! மேனேஜர் திங்கக்கிழமையே கண்ணாடி ரூமுக்கு வரச் சொல்லிட்டாரு!”

சூப்பர்வைசர் சான்றிதழை வாங்கிப் பெயரைப் பார்த்தாள். “எப்படிடி? நீ வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்கலையே!”

“மொழிப் பாடமும் வரலாறும் வீட்டுலேயே படிச்சு எழுதிட்டேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் பரீட்சையே இல்லைக்கா. வேலை பார்க்கறவங்க, அந்தப் பாடத்துக்குப் பதிலா முன்னூறு மணி நேர வேலை அனுபவத்தைக் காட்டினாப் போதுமாம். ஆனா என்ன செஞ்சோம், எப்படிச் செஞ்சோம்னு மேலதிகாரி விலாவாரியா எழுதிக் கையெழுத்து போடணும். உங்க முதல் சீட்டுங்களைப் பார்த்ததுமே சார் அசந்துட்டாரு!”

சுருட்டை அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“கணக்கு எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் ஏறாதுக்கா. நீங்க மட்டும் என்னைத் தினம் வகுப்புக்கு அனுப்பியிருந்தா, நான் பெயில்தான்!”