மைதாவில் தடம்

பிஸ்தா எலிக்காய்ச்சலில் செத்துப் பத்து நாளாகியிருந்தது. ஒக்கலிபுரத்து ஒற்றை அறையில் சங்கமித்ராவுக்கு இருந்த ஒரே துணை அந்த நாய்தான். "எலியால உங்களுக்கும் வரும்மா, சீக்கிரம் ஒழிச்சுக்கட்டுங்க" என்றிருந்தார் டாக்டர்.

எலி பிடிக்கிறவர் தரையெல்லாம் மைதா தூவச் சொன்னார். "எந்தப் பொந்து வழியா வருதுன்னு தடம் காட்டிடும். நாளைக்கு வந்து அடைச்சிடறேன்."

காலையில் பார்த்தாள். பாத்ரூம் பொந்திலிருந்து வந்த குட்டித் தடங்கள் பாதியிலேயே திரும்பி ஓடியிருந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு, பிஸ்தாவைப் போலவே வலது பின்னங்காலை இழுத்தபடி, ஒரு நாய்த் தடம். அது அவளுடைய கட்டிலின் கால்மாட்டில் தொடங்கியிருந்தது.

போன் செய்தாள். "அண்ணா, நீங்க வர வேணாம்."

மாலையில் இன்னும் ஒரு கிலோ மைதா வாங்கிவந்து தூவினாள். பொந்தின் வாயில், எலிகளுக்காக, ஒரு மசால்வடை வைத்தாள்.