இரண்டு ‘சி’ இருந்த கணினி

திரையில் மறுபடியும் அதே பிழைச் செய்திகள் வந்தன.

ராஜினி கதிரையை முன்னுக்கு இழுத்து, தான் எழுதிய நிரலை முதல் வரியிலிருந்து வாசித்தாள். இரண்டு எண்களைக் கூட்டி விடை சொல்லும் நிரல். ‘சி’ மொழி படிக்க வருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுப்பது.

அடைப்புக்குறிகள் சரி. அரைப்புள்ளிகள் சரி.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் திரும்ப அடித்தாள். ஓடவிட்டாள்.

பிழை.

வெளியே ஜெனரேற்றர் மண்ணெண்ணெய்ப் புகையோடு இரைந்தது. ஸ்கந்தபுரத்தில் அந்தக் கணினி வகுப்பை நடத்திய சிவராசா, வகுப்பு நடக்கும் ஓலைக் கொட்டிலின் வாசலில் நின்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாணவர்கள் வந்துவிடுவார்கள்.

“ஏலாதெண்டால் விடுங்கோ டீச்சர். வீட்டை போய் ஆறுங்கோ,” என்றார் மெதுவாக.

அந்த மெதுவான குரல்தான் அவளைப் பயப்படுத்தியது.

இந்த நிரலை அவள் யோசித்து எழுதியதே இல்லை. கை தானாக எழுதும். இன்றைக்கு அதில் எங்கே பிழை என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒருமுறை ஓடவிட்டாள். பிழைகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு மேலே கிடந்த வரியைப் பார்த்தாள். மென்பொருளின் பதிப்பு எண். அது அவள் பாவித்த பதிப்பு இல்லை.

“அண்ணை, இதில வேறை ‘சி’ ஏதும் போட்டனீங்களோ?”

“ஓம். நீங்கள் இல்லாத நேரம் படிப்பிச்ச மாஸ்டர் புதுசு ஒண்டு போட்டவர். பழசும் கிடக்கு. ஏன்?”

ஒரே கணினியில் இரண்டு ‘சி’. புதியது நிரலை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளைப் பழையதிடம் போய்த் தேடியிருக்கிறது. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

நிரலில் பிழையே இல்லை.

கணினி தேடும் பாதையிலிருந்து புதியதின் பெயரை அழித்தாள். ஓடவிட்டாள். எண்களைக் கேட்டது. ஏழும் ஐந்தும் கொடுத்தாள்.

பன்னிரண்டு.

ராஜினி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“என்ன டீச்சர், சரிவந்திட்டுதெல்லோ?” சிவராசா பதறினார்.

அவள் எழுந்து வெளியே ஓடினாள். அன்று வேலைக்குப் போகாமல் வேலிப் படலையடியிலேயே காத்து நின்ற அவளுடைய கணவன் ரூபன், அவள் கண்ணீரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

காயம் ஆறி அவள் திரும்பப் படிப்பிக்க வந்த முதல் நாள் அது. அவளுடைய தலையிலிருந்து ஷெல் குண்டின் துண்டை எடுத்த டொக்டர், உயிருக்கு இனிப் பயமில்லை, ஆனால் படித்ததெல்லாம் திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றிருந்தார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் வாய்விட்டுக் கதைத்ததில்லை. கறிக்கு உப்புப் போட மறந்தால்கூட இருவருக்கும் நெஞ்சு திடுக்கிடும்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் ராஜினி, மூச்சு வாங்க. “பிழை கொம்பியூட்டரில. என்ர தலையில இல்லையப்பா.”