அங்க அடையாளம்

மூன்றாவது நாளாக அந்தப் பெண் அலுவலக ஜன்னலில் வந்து நின்றாள்.

"மேடம், என் டி.சி..."

"நாளைக்கு வா." கிளார்க் நாகஜோதி தலை நிமிரவே இல்லை.

"நேத்தும் அதான் சொன்னீங்க. கோயம்புத்தூர் காலேஜ்ல சேர நாளைக்குத்தான் கடைசி நாளு மேடம்."

அந்த பாலிடெக்னிக்கிற்குக் கண்காணிப்பாளராக வந்து ஒரு வாரமே ஆகியிருந்த சின்னச்சாமிக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளைகளை அலையவிட்டுக் காசு பார்க்கிற ஆளா இந்தம்மா?

"நீ எங்கேருந்தும்மா வர்ற?"

"அவனியாபுரம் சார்."

சின்னச்சாமி நாகஜோதி பக்கம் திரும்பினார். "டிப்ளமோ முடிச்சு, நேரா பி.இ. ரெண்டாம் வருசம் கிடைச்சிருக்கு. அந்தப் புள்ளையை எம்புட்டு நாளைக்கு அலைய விடுவீங்க? என் கண்ணு முன்னால இப்பவே எழுதுங்க!"

நாகஜோதி படிவத்தை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, படித்த பிரிவு என்று பேனா கடகடவென ஓடியது. அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் மட்டும் தயங்கி நின்றது. பிறகு எழுதினாள்: 'இடது முழங்காலில் தழும்பு. வலது தோளில் மச்சம்.'

"நிறுத்துங்க. ரெஜிஸ்டரையும் பாக்கல, அந்தப் புள்ளையையும் கேக்கல. இஷ்டத்துக்கு எழுதுறீங்க?"

"சைக்கிள்ல விழுந்தப்ப மருந்து போட்டவ நான்தானே சார்..." நாகஜோதி முத்திரையைக் கையில் எடுத்தாள்; குத்தவில்லை.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்து அவள் விரல்களைப் பிடித்தது.

"சனிக்கிழமையானா வீட்டுக்கு வந்துருவேன்மா. சீல் போடும்மா."