சேறு முடியும் இடம்

"பிரேக்கை மிதிக்காதேன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு..."

"நான் எங்க மிதிச்சேன்? வண்டிதான் தானா நிக்குது..."

"தானா நிக்கிறதுக்கு அது என்ன கழுதையா, கிழவா?"

"உன் வாய் நின்னா வண்டி ஓடும், கிழவி."

ஊர்ச் சதுக்கத்தின் மூலையில் புளோரியானின் பழைய நீல நிற பிக்கப் குறுக்கே நின்றது. அவர் உள்ளே, மனைவி கசில்டா வெளியே, நடைபாதையில்.

மறுநாள் கந்தெலாரியா மாதா பவனி. மாதாவை ஏற்றிய வண்டி சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் திரும்ப வேண்டும். ஒத்திகையின் முதல் மூலையிலேயே அது விக்கி விக்கிக் குதித்ததில், மாதாவுக்குப் பதிலாகப் பின்னால் நிறுத்தியிருந்த சோள மூட்டை சாய்ந்து விழுந்துவிட்டது.

திருவிழாப் பொறுப்பாளர் ரெம்பெர்த்தோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, வண்டி இன்னும் ஃபோர் வீல்ல இருக்கு. மலைச் சேத்துக்கு அது வேணும். காஞ்ச கல்லுல இப்படி ஒடிச்சுத் திரும்புறப்ப முன் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், பின் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். இறங்கி, முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற திருகு பூட்டைத் திறந்து விடுங்க."

"எனக்கே பாடமா? மழை தொடங்கினாப் பூட்டுவேன், மழை நின்னாத் திறப்பேன். நடுவுல அந்தப் பூட்டை நான் தொட்டதே கிடையாது. வருஷா வருஷம் ஃபோர் வீல்லயேதான் இங்க திரும்பியிருக்கேன். எல்லாம் கையில இருக்கு, தம்பி."

"அந்தக் கை இன்னிக்கு வீட்டுலயே தங்கிருச்சு போல" என்றாள் கசில்டா.

நின்றவர்கள் சிரித்தார்கள். புளோரியான் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சை அவர் மாதக்கணக்கில் கேட்கவில்லை. "என் ஆயுசுல நான் செஞ்சது எதையாவது நீ ஒரு தடவை கவனிச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்த ஊரிலிருக்கும் மகள் வீட்டுக்கு இறங்கி வந்தவள் அவள். மலையிலிருந்து அவர் கூப்பிட வரவில்லை. அவளும் திரும்பிப் போகவில்லை.

ரெம்பெர்த்தோ குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க அண்ணே. மாதா சாய்ஞ்சா ஊருக்கு ஆகாது. இந்த வருஷம் என் மச்சான் வண்டியில ஏத்திக்கிறோம்."

புளோரியான் ஸ்டியரிங் மேலிருந்த தன் கைகளைப் பார்த்தார். "ஏத்திக்கோங்க" என்றார்.

அந்த முகத்தைக் கசில்டா ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள். கல்யாணமான வருஷம், இதே மூலை, நீலம் பளபளக்கும் புது வண்டி. இதே மாதிரி விக்கியதில் மாதாவின் கிரீடம் நழுவியது. ஊரே சிரித்தது. வீட்டுக்குப் போயும் அவர் சாப்பிட உட்காரவில்லை. லாரிப் பட்டறை வைத்திருந்த தன் மாமாவிடம் போய்ப் பூட்டைத் திருப்பக் கற்றுக்கொண்டவள் அவள்தான். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் மிச்சமிருந்த மானமும் போய்விடும்.

அதன்பிறகு, ஊருக்கு இறங்கும்போதெல்லாம், சேறு முடிந்து கல்பாதை தொடங்கும் இடத்தில் சிலுவை நிற்கும் குருசடியில் வண்டியை நிறுத்தச் சொல்வாள். பூமித்தாய்க்குச் சாராயம் தெளிக்க இறங்குவாள். சக்கரத்துக்கு நாலு சொட்டு. குனிந்த குனியில் பூட்டுக்கு ஒரு திருப்பு. மலையேறும்போது அதே இடத்தில் மறுபடி நாலு சொட்டு, மறுபடி ஒரு திருப்பு. அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டிருப்பார். அவள் ஏறி உட்காரும்போது ஒரு கொய்யாவை இரண்டாகப் பிட்டு வைத்திருப்பார். பெரிய பாதி அவளுக்கு. அந்த வாசனை ஊர் வரைக்கும் வண்டிக்குள் கூடவே வரும்.

கொய்யா ஞாபகம் வந்ததுதான் வினையாயிற்று.

"இரு தம்பி" என்றாள் ரெம்பெர்த்தோவிடம். "பூமித்தாய்க்குக் குடுக்காம வந்தா வண்டி எப்படித் திரும்பும்? யாராவது சாராயம் கொண்டாங்க. எல்லாரும் கோயில் பக்கம் திரும்பி ஒரு ஜெபம் சொல்லுங்க."

தொப்பிகள் கழன்றன. ஜெபம் முணுமுணுப்பாய் எழுந்தது. கசில்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒருமுறை குனிந்தாள், அந்தப் பக்கம் ஒருமுறை குனிந்தாள். பூட்டு இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

வண்டி இந்த முறை விக்காமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. நான்கு மூலைகளிலும் சோள மூட்டை அசையவில்லை.

"நாளைக்கும் நீங்கதான் அண்ணே" என்றார் ரெம்பெர்த்தோ.

"கையில இருக்குன்னு சொன்னேன்ல?"

கூட்டம் கலைந்தது. கசில்டா ஜன்னலோரம் வந்தாள்.

"மாதாவைச் சுத்திக் காட்டிட்டு, நாளைக்கு நீயே மலையேறிப் போய்க்கோ."

"நீ வரலையா?"

"நான் எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் கையில இருக்கே. பக்கத்துல ஒருத்தி உக்காந்திருந்ததுகூட உனக்குத் தெரியாது."

புளோரியான் இன்ஜினை அணைத்தார். எட்டி, அவள் பக்கத்துக் கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டார். பிறகு கோயிலைப் பார்த்தபடி சொன்னார்:

"காலையில குருசடிகிட்ட நானே இறங்கினேன், கிழவி, நீ திருப்புற மாதிரியே இடது பக்கமாத் திருப்பி ரெண்டு பூட்டையும் திறந்தேன், அப்புறம், நீ இல்லாம நான் ஒழுங்கா வந்து திரும்பினா அது நல்லாயிருக்காதுன்னு தோணுச்சு, மறுபடி பூட்டிட்டுத்தான் வந்தேன்."